தரையில் படுத்துத் தொடங்கிய பாடம்

1916-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை மேற்படிப்புக்காக நியூயார்க் போனார். பெயர் மார்கரெட் ஹெச்டோப்ளர். உயிரியல் படித்தவர், மாணவிகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர். நடனத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. ஆனால் பெண்கள் உடற்கல்வித் துறைத் தலைவி பிளாஞ்ச் டிரில்லிங் அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்து அனுப்பியிருந்தார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தன் நேரத்தைச் செலவிடத் தகுந்த நடனம் அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும்.

நியூயார்க்கில் பார்த்த வகுப்புகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. ஆசிரியர் ஓர் அசைவைச் செய்துகாட்டுவார். மாணவர்கள் அதை அப்படியே திருப்பிச் செய்வார்கள். இதில் கல்வி எங்கே இருக்கிறது என்பது அவர் கேள்வி. அவர் படிக்கப் போன கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்போது ஜான் டூயியின் கல்விக் கருத்துகள் செல்வாக்குடன் இருந்தன. மாணவர் தாமே செய்து பார்க்கட்டும், செய்ததை யோசிக்கட்டும், அந்த யோசனையிலிருந்து அடுத்ததைச் செய்யட்டும் என்ற கருத்துகள் அவை. ஆலிஸ் பென்ட்லி என்ற இசை ஆசிரியையின் கூடத்தில் மாணவர்கள் தரையில் படுத்தபடி உடலை அசைத்துப் பார்ப்பதைக் கண்டபோதுதான் ஹெச்டோப்ளருக்கு ஒரு வழி தென்பட்டது. 1917 கோடையில் விஸ்கான்சினில் தன் முதல் நடன வகுப்பை நடத்தினார். 1926-இல் அந்தப் பல்கலைக்கழகம் நடனத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற அனுமதித்தது. அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை.

நூறாண்டு நெருங்கிவிட்ட பிறகும், நடனம் படிக்கும் மாணவர் கல்லூரியில் அப்படி என்னதான் கற்கிறார் என்ற கேள்வி ஓயவில்லை. இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. மேடைக் கலைஞராகிறார் என்பது ஒன்று. நடனம் படித்தால் கணக்கு வரும், தன்னம்பிக்கை வரும், மூளை கூர்மையாகும் என்பது இன்னொன்று. முதல் பதில் பெரும்பாலான மாணவர்களுக்குப் பொருந்தாது. பட்டம் பெற்றவர்களில் ஆடிப் பிழைப்பவர்கள் எந்த நாட்டிலும் குறைவு. இரண்டாவது பதிலுக்குச் சான்று மெலிந்தது. இரண்டுக்கும் வெளியே, வகுப்பறைக்குள்ளேயே பார்க்கக் கிடைக்கும் பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அசைவைக் கவனிக்கவும், பிரித்துப் பார்க்கவும், தான் ஏன் இப்படி அசைந்தேன் என்பதற்குப் பதில் சொல்லவும் அங்கே கற்றுத்தர முடியும். இது சின்ன விஷயம் இல்லை.

ஹெச்டோப்ளரின் வகுப்பு நின்றபடி தொடங்காது. மாணவிகள் தரையில் படுத்துக்கொள்வார்கள். நிற்கும்போது உடலின் உழைப்பில் ஒரு பகுதி விழாமல் இருப்பதற்கே போய்விடுகிறது. புவியீர்ப்பின் அந்தப் பிடி தளர்ந்தால்தான் ஒரு மூட்டு எவ்வளவு தூரம் திரும்பும், முதுகுத்தண்டு எங்கே வளைய மறுக்கும் என்று உணர முடியும் என்பது உயிரியல் படித்தவரின் கணக்கு. வகுப்பில் ஒரு முழு எலும்புக்கூடு இருக்கும். தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது, இடுப்பு மூட்டின் பந்து அதன் குழிக்குள் எப்படிச் சுழல்கிறது என்று அதில் காட்டிவிட்டு, உங்கள் உடலில் அதைக் கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவார். தாமே ஆடிக்காட்டுவதை அவர் தவிர்த்தார். ஆடிக்காட்டினால் மாணவிகள் தம் உடலை விட்டுவிட்டு அவர் உடலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

நம்மூர் வாசகருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். நாம் அறிந்த நடனக் கல்வி முழுக்கவே பார்த்துச் செய்வதில்தான் நிற்கிறது. தட்டுக்கழி தட்டும் ஆசிரியர், எதிரே வரிசையில் பிள்ளைகள். அப்படிக் கற்பது தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் எலும்புக்கூட்டின் பயனுக்கு அரைமண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தொடைகள் பக்கவாட்டில் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அந்த மூட்டு எவ்வளவு சுழலும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எலும்பின் வடிவமே அதில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. இடுப்பு தராத விரிவைப் பாதத்தைத் திருப்பி ஈடுகட்டினால் திருகல் முழங்காலில் விழும். பாலே ஆடுபவர்களின் முழங்கால், கணுக்கால் காயங்களுக்கும் இதே பிழை ஒரு முக்கியக் காரணம். "இன்னும் உட்காரு, இன்னும் திருப்பு" என்று கேட்டு வளர்ந்த மாணவிக்குத் தன் மூட்டின் எல்லை தெரிவது, பல ஆண்டு வலியிலிருந்து தப்பிக்கும் வழி. கல்லூரி நடனப் படிப்பில் உடற்கூறியலும் அசைவியலும் கட்டாயப் பாடமாக நிலைத்ததற்கு விஸ்கான்சின் வழி ஒரு காரணம்.

விஸ்கான்சின் திட்டத்தில் ஒரு தந்திரமும் இருந்தது என்று நினைக்கிறேன். 1920-இல்தான் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை உறுதியானது. மேடையில் ஆடும் பெண்ணைப் பற்றி நடுத்தர வர்க்கத்துக்கு இருந்த பார்வை அங்கேயும் நல்லதாக இல்லை. நடனத்தைப் பெண்கள் உடற்கல்வித் துறைக்குள் வைத்து, அறிவியலின் மொழியில் பேசி, இது மேடைக்கான பயிற்சி இல்லை என்று அழுத்திச் சொன்னதால்தான் பல்கலைக்கழகம் சம்மதித்தது. நடனம் நுழைந்த கதவு அதுதான். அதற்கு விலையும் உண்டு. கலை என்ற அளவில் அந்த வகுப்பில் உருவான ஆட்டம் எப்படி இருந்தது என்ற கேள்வியை ஹெச்டோப்ளர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1940-இல் வந்த அவருடைய முக்கிய நூலிலும் நடனம் ஒவ்வொருவருக்கும் உரிய படைப்பு அனுபவமாகவே பேசப்படுகிறது. திறமைசாலிகளுக்கு மட்டுமானதாக இல்லை.

விஸ்கான்சினில் பட்டப்படிப்பு வந்த எட்டே ஆண்டில் எதிர்ப்பக்கப் பதில் வந்தது. 1934-இல் வெர்மாண்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரியில் மார்த்தா ஹில் ஒரு கோடைகால நடனப் பள்ளியைத் தொடங்கினார். மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்ல்ஸ் வைட்மன், ஹான்யா ஹோம் என்று அன்றைய நவீன நடனத்தின் நான்கு பெரிய கலைஞர்களும் அங்கே கற்பித்தார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரிகளில் உடற்கல்வி கற்பித்துவந்த பெண்கள். அவர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பியதும், தாங்கள் கற்றுக்கொண்ட கலைஞர்களையே கல்லூரிக்கு வரவழைத்து நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடை இல்லாத ஊர்களில் விளையாட்டுக்கூடத்தில் ஆட்டம் நடந்தது. அமெரிக்க நவீன நடனத்துக்கு நாடு முழுக்கப் பார்வையாளர்கள் கிடைத்தது இப்படித்தான். கல்லூரி கலைஞர்களை உருவாக்கியதை விட ரசிகர்களை உருவாக்கியதே பெரிய காரியம் என்று இந்த வரலாற்றைப் படிக்கும்போது தோன்றுகிறது. இதே மார்த்தா ஹில் 1951-இல் ஜூலியார்ட் இசைப்பள்ளியின் நடனப் பிரிவைத் தொடங்கினார். அங்கே நோக்கம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேடைதான்.

விஸ்கான்சினா, ஜூலியார்டா என்ற இழுபறி இன்றும் ஒவ்வொரு துறையின் பாடத்திட்டக் கூட்டத்திலும் நடக்கிறது. அன்றாடப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் வரலாறும் உடற்கூறியலும் சுருங்கும். அவற்றைக் கூட்டினால் பிள்ளைகள் ஆட மறந்துபோகிறார்கள் என்ற புலம்பல் எழும். இந்தச் சண்டை தீராது. தீர வேண்டிய அவசியமும் இல்லை.

பயிற்சிக்கும் படிப்புக்கும் நடுவில் ஒரு திறன் இருக்கிறது. அதைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை: அசைவைப் பார்க்கும் திறன். நாம் எல்லோரும் அசைவுகளைப் பார்க்கிறோம். ஆனால் பார்த்ததைச் சொல்லச் சொன்னால் "அழகாக ஆடினாள்", "வேகம் போதவில்லை" என்பதற்கு மேல் போக முடிவதில்லை. ரூடால்ஃப் லாபான் 1928-இல் வெளியிட்ட குறியீட்டு முறை இந்தத் திண்டாட்டத்துக்கு ஒரு விடை. இசைக் குறிப்பைப் போல் இடமிருந்து வலமாகப் போகாமல், அது கீழிருந்து மேலாகப் படிக்கப்படும். நடுக்கோடு உடலை இடம், வலமாகப் பிரிக்கும். குறியின் வடிவம் திசையைச் சொல்லும். அதன் நிறைப்பு உயரத்தைச் சொல்லும். அதன் நீளம் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும். ஒரு சாதாரண நடையை இதில் எழுத முயலும் மாணவருக்கு, எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் கணம் எது என்று முதன்முறையாகக் கேட்கத் தோன்றும். அதுவரை அவர் ஆயிரக்கணக்கான முறை அதைச் செய்திருப்பார். ஒருமுறையும் பார்த்திருக்க மாட்டார்.

லாபான் பின்னாளில் இங்கிலாந்துக்குப் போய், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எஃப். சி. லாரன்ஸ் என்ற தொழில்துறை ஆலோசகருடன் சேர்ந்து ஆலைத் தொழிலாளிகளின் அசைவுகளை ஆராய்ந்தார். 1947-இல் வந்த அவர்கள் நூல் அசைவின் தன்மையைக் கனம், வெளி, காலம், ஓட்டம் என்ற நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது. பாரமான பீரோவைத் தள்ளுகிறவரின் அசைவு கனமானது, நேரானது, நீடித்தது. ஓங்கிக் குத்துவதும் கனமானது, நேரானது. ஆனால் சட்டென்று முடிவது. ஒரே ஒரு கூறு மாறியதும் அசைவின் குணமே மாறிவிடுகிறது. இதைப் பழகிய மாணவர் ஒரு சஞ்சாரியையோ ஒரு திரைப்பட நடிகரின் நடையையோ பார்த்துவிட்டு, "இங்கே நேரான அசைவு வளைந்து போகிறது, அதனால்தான் தயக்கம் தெரிகிறது" என்று சொல்ல முடியும். ரசனையைக் காரணத்தோடு பேசும் பழக்கம் இது. நம் நடன விமர்சனத்தில் இதற்கு இருக்கும் பஞ்சத்தை டிசம்பர் மாதப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்கள் அறிவார்கள்.

ஆடாமலே இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாதா? முடியாது என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று இருக்கிறது. பெயாட்ரிஸ் கால்வோ-மெரினோவும் உடன் பணியாற்றியவர்களும் லண்டனில் நடத்திய ஓர் ஆய்வை 2005-இல் வெளியிட்டார்கள். பாலே கலைஞர்கள், பிரேசிலின் கப்போய்ரா கலைஞர்கள், இரண்டும் பழகாதவர்கள் ஆகியோரிடம் பாலே, கப்போய்ரா அசைவுகளைக் காணொலியில் காட்டி, அப்போது மூளையின் இயக்கத்தைப் பதிவுசெய்தார்கள். தாம் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போது, அசைவைத் திட்டமிடும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. பல ஆண்டுகள் கண்ணால் பார்த்த பழக்கமே இதற்குக் காரணமாக இருக்கக்கூடாதா? அடுத்த ஆண்டு அதையும் சோதித்தார்கள். பாலேயில் ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனித்தனி அசைவுகள் உண்டு. ஒரே கூடத்தில் பழகுவதால் இரு சாராரும் மற்றவர் அசைவைத் தினமும் பார்ப்பார்கள், ஆனால் செய்ய மாட்டார்கள். பார்த்தது சமமாக இருந்தும், தாம் செய்து பழகிய அசைவுகளுக்கே கூடுதல் இயக்கம் தெரிந்தது. செய்து பழகியவரின் பார்வை வேறு என்பதற்கு இதை விடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு ஆய்வும் இதோடு சேரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த அறிவாற்றல் அறிஞர் டேவிட் கர்ஷ், நடன அமைப்பாளர் வேய்ன் மெக்ரெகரின் லண்டன் குழுவைப் பல ஆண்டுகள் கவனித்தார். நடனக் கலைஞர்கள் ஒத்திகையில் எப்போதும் முழு ஆட்டம் ஆடுவதில்லை; பாதி அசைவில், சிலசமயம் காலுக்குப் பதில் கையாலேயே, வரிசையை ஓட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் அதை மார்க்கிங் என்பார்கள். களைப்பைத் தவிர்க்கச் செய்வது என்றுதான் பொதுவாக நினைப்போம். கர்ஷின் சோதனையில், ஒரு புதிய வரிசையை முழுமையாக ஆடிப் பழகியதை விடவும், கண்ணை மூடி மனத்துக்குள் ஓட்டியதை விடவும், மார்க்கிங் செய்து பழகியதே அதிகப் பலன் தந்தது. வரிசையின் ஒரு கூறை மட்டும் தனியே பிடித்துக் கவனிக்க அது இடம் தருகிறது என்பது அவர் விளக்கம். நம் பிள்ளைகள் பேருந்தில் உட்கார்ந்தபடி சொற்கட்டை முணுமுணுத்து, மடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பாதங்களாக்கி அடவு போட்டுப் பார்ப்பதும் இதுவே. அவர்கள் சோம்பலாகப் பழகுகிறார்கள் என்று இனி யாரும் திட்ட வேண்டாம்.

படைப்பு வகுப்பு என்று ஒன்று உண்டு. பிறர் அமைத்ததை ஆடாமல் மாணவரே மூன்று நிமிடத்துக்கு ஓர் ஆட்டத்தை அமைக்க வேண்டும். எங்கே நிற்பது, எத்தனை பேர், இசை முன்பா பின்பா, எதை விடுவது என்று நூறு முடிவுகள். எதற்கும் சரியான விடை என்று புத்தகத்தில் ஒன்று இருக்காது. அமைத்ததைச் சக மாணவர்கள் முன் காட்ட வேண்டும். அந்தக் கணம்தான் ஆபத்தானது. "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்ற இரண்டு சொற்கள் ஒரு வகுப்பையே நாசமாக்கிவிடும். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் இதற்கு ஒரு முறையை வகுத்தார். முதலில் பார்த்தவர்கள் தமக்கு எது மனத்தில் நின்றது என்று மட்டும் சொல்வார்கள். பிறகு படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள் கருத்து எதையும் ஒளித்துவைக்காத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில்தான் கருத்து, அதுவும் "இந்த முடிவைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா" என்று அனுமதி கேட்டு. மூன்றாவது படிதான் கடினம். "ஏன் இவ்வளவு நீளமாக இழுத்தாய்" என்பது கேள்வி உடையில் வரும் தீர்ப்பு. "நேரத்தைப் பற்றி என்ன யோசித்தாய்" என்பது கேள்வி. இந்த வித்தியாசத்தைப் பிடித்தவர் எந்த அலுவலகத்திலும் எந்தக் குடும்பத்திலும் பிழைத்துக்கொள்வார். லெர்மனின் முறை நடனத்துக்கு வெளியே நாடகம், எழுத்து, அருங்காட்சியகம் என்று பல துறைகளுக்குப் பரவிவிட்டது.

நடன வரலாற்றுப் பாடம் பல கல்லூரிகளில் பெயர்களும் ஆண்டுகளுமாகக் காய்ந்து கிடக்கிறது. அப்படி இருக்க வேண்டியதில்லை. கேத்தரின் டன்ஹாம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். 1935-36-இல் ஜமைக்கா, மார்டினிக், ஹைத்தி போன்ற கரீபியத் தீவுகளுக்குக் கள ஆய்வுக்குப் போய், அங்குள்ள ஆட்டங்களை அவற்றின் சடங்குகளோடு கற்றுவந்தார். பின் தன் நடன முறையையே அதிலிருந்து கட்டினார். ஒரு கறுப்பினப் பெண் ஆய்வாளராகவும் ஆடுபவராகவும் ஒரே உடலில் இருந்தது அன்று அபூர்வம். 1970-இல் மானிடவியலர் ஜோன் கியாலீனோஹோமோகு எழுதிய ஒரு கட்டுரை பாலேவும் ஓர் இனக்குழு நடனமே என்று வாதிட்டது. ஆப்பிரிக்க ஆட்டத்தையும் இந்திய ஆட்டத்தையும் இனத்தின் பெயரால் வகைப்படுத்திவிட்டு, ஐரோப்பிய ஆட்டத்தை மட்டும் வெறுமனே நடனம் என்று அழைக்கும் பழக்கத்தை அது தோலுரித்தது. இந்தக் கட்டுரையைப் படித்த மாணவர் "செவ்வியல்", "நாட்டுப்புறம்" என்ற நம் சொந்த மேல்-கீழ் அடுக்குகளையும் கேள்வி கேட்காமல் விட மாட்டார். பரதத்துக்கு ஒரு துறையும் கரகத்துக்கு ஒரு விழா மேடையும் ஏன் என்று கேட்பார்.

இனி அந்த இரண்டாவது பதில். நடனம் படித்தால் படிப்பு வரும் என்ற வாதத்தைச் சேர்க்கைக் கையேடுகள் விடாமல் சொல்கின்றன. 2000-இல் மியா கெய்னானென், லாய்ஸ் ஹெட்லண்ட், எல்லன் வின்னர் மூவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். நடனப் பயிற்சி, சொல் சாராத காட்சி-வெளி அறிவை ஓரளவு வளர்க்கிறது என்று தெரிந்தது. வாசிப்புத் திறனை வளர்க்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. அலசக் கிடைத்த ஆய்வுகளே மிகச் சில. பக்கத்துத் திறனுக்குப் பயன் போகிறது, தூரத்துத் திறனுக்குப் போகவில்லை என்பது அவர்கள் முடிவு. 2003-இல் ஜோ வர்கீஸ் குழுவினர் நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வும் வாட்ஸ்அப்பில் பிரபலம்; உடல்சார் பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே மறதிநோய் அபாயம் குறைவதோடு தொடர்பு காட்டியது. தொடர்பு காட்டியது என்பதுதான் அங்கே சரியான சொல். நோயின் தொடக்கத்தில் இருப்பவர் ஆடுவதை நிறுத்திவிட்டிருக்கவும் கூடும். ஆய்வாளர்களே அந்த எச்சரிக்கையைச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு வருவதற்காக நடனம் படிக்க வேண்டும் என்றால் நேராகக் கணக்கையே படித்துவிடலாம். நடனத் துறைகள் இந்த இரவல் நியாயங்களைக் கைவிடுவது அவற்றுக்கே நல்லது.

விஸ்கான்சினில் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் பாதைகள் பலவாகப் பிரிகின்றன. மேரி ஹிங்க்சனும் மேட் டர்னியும் 1950-களின் தொடக்கத்தில் மார்த்தா கிரஹாம் குழுவில் சேர்ந்து அதன் முதல் கறுப்பின நடனக் கலைஞர்களில் இடம்பெற்றார்கள். மேடைக்குத் தயார் செய்வதில்லை என்று சொன்ன வகுப்பிலிருந்து மேடைக்கே போனவர்கள் அவர்கள். ஆனா ஹால்ப்ரின் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகே மரங்களுக்கு நடுவே திறந்தவெளி மரத்தளத்தில் வகுப்பு நடத்தினார். அங்கே 1960-இல் பயின்றவர்களில் டிரிஷா பிரவுன், இவான் ரெய்னர் போன்றோர் அடுத்த தலைமுறையின் நடனத்தையே மாற்றினார்கள். 1972-இல் தமக்குப் புற்றுநோய் வந்தபின் ஹால்ப்ரின் நோயாளிகளோடு அசைவைக் கொண்டு பணியாற்றத் தொடங்கி, 2021-இல் நூறு வயதில் மறைந்தார். தன் ஆசிரியை கொடுத்த எலும்புக்கூட்டுப் பாடத்தைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை. அவர் வகுப்புகளிலும் ஓர் எலும்புக்கூடு இருந்தது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது. நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் இடம். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய இடமும் அதுதான். வீணை தனம்மாளின் பேத்தி, கந்தப்பா பிள்ளையின் மாணவி, தஞ்சை பாலசரஸ்வதி 1962-இல் முதன்முறை அமெரிக்கா போனார். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அந்தப் பத்தாண்டிலும் அடுத்த பத்தாண்டிலும் பலமுறை கற்பித்தார். அவர் தம்பிகளில் மிருதங்கக் கலைஞர் ரங்கநாதன் 1963-இல் அங்கே பணியில் சேர்ந்தார். புல்லாங்குழல் கலைஞர் விசுவநாதன் அங்கேயே 1975-இல் முனைவர் பட்டம் பெற்று நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். பாலசரஸ்வதி எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் பெற்றவர் இல்லை. வெஸ்லியன் அதைக் கேட்கவும் இல்லை. ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவரின் உடலில் இருந்த அறிவையே தகுதியாக எடுத்துக்கொண்டது.

அவர் கற்பித்த முறை ஹெச்டோப்ளருக்கு நேர் எதிர். முழுக்க முழுக்கப் பரம்பரை வழி. கேட்டு, பார்த்து, பாடி, திருப்பிச் செய்து. ஆனால் பதம் பாடத் தெரியாமல் பதம் ஆட முடியாது என்பதில் பாலசரஸ்வதி உறுதியாக இருந்தார். ஒரே வரிக்கு விதவிதமாக அபிநயம் பிடிக்கும்போது, மாணவர் ராகத்தின் போக்கையும் சொல்லின் நிழல்களையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு, அந்தக் கணத்தில் தானே முடிவெடுக்கிறார். ஆரம்பத்தில் பார்த்துச் செய்வதாகத் தெரிவது, முதிர்ந்தபின் படைப்பாகிறது. பார்த்துச் செய்வதில் கல்வி எங்கே என்று 1916-இல் ஹெச்டோப்ளர் கேட்ட கேள்விக்குப் பாலசரஸ்வதியின் வகுப்பில் பதில் இருந்தது. அந்தப் பதிலை ஹெச்டோப்ளர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது.

நம் பக்கம் நடந்ததும் தெரிந்ததுதான். 1936-இல் சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் ஆரம்ப ஆண்டுகளில் கற்பித்தவர்கள் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சொக்கலிங்கம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சுரண்டலை ஒழிக்க அது தேவைப்பட்டது. ஆனால் ஆட்டத்தைத் தலைமுறைகளாகத் தாங்கிய பெண்கள் மேடையிலிருந்தும் மெல்ல விலக்கப்பட்டார்கள். பின்னர் இசைக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடனத் துறைகள் வந்தபோது, அந்த அறிவின் சொந்தக்காரர்களிடம் பட்டம் இல்லை. அவர்களிடம் கற்றவர்கள், கற்றவர்களிடம் கற்றவர்கள் என்று பட்டம் பெற்றவர்களே வகுப்பறைக்குள் வந்தார்கள்.

இன்றைய நம் நடனப் பட்டப்படிப்புகள் பலவற்றின் பாடத்திட்டத்தைப் பார்த்தால், அரங்கேற்ற மார்க்கத்தை ஆறு பருவமாகப் பிரித்து வைத்தது போலத்தான் இருக்கிறது. அலாரிப்பு முதல் தில்லானா வரை உருப்படிகள், பக்கத்தில் அபிநய தர்ப்பணச் சுலோகங்கள், பரத சாஸ்திரத்தின் பெயர்ப்பட்டியல்கள். மாணவி தன் இடுப்பு மூட்டைப் பற்றி அறிவதில்லை. தானே மூன்று நிமிடம் அமைத்துக் காட்டி, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அரிது. ஆட்டத்தின் சாதி வரலாறு ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. விஸ்கான்சினின் உடற்கூறும் நம்மிடம் வேரூன்றவில்லை. வெஸ்லியனின் திறந்த மனமும் வரவில்லை. உருப்படிகளை மட்டும் கற்க வேண்டுமென்றால் கல்லூரி எதற்கு? நல்ல ஆசிரியர் ஒருவரின் வீட்டுத் திண்ணை போதும், கட்டணமும் மிச்சம்.

வெஸ்லியனின் திறந்த மனம் வராத குறையையாவது உடனே சரிசெய்யலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் திட்டத்தில் முறையான கல்வித் தகுதி கட்டாயம் இல்லை. தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமும் சிறப்பும் இருந்தால் போதும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையில் 10 சதவீதம் வரை இப்படி நியமிக்கலாம். நுண்கலையும் அதில் அடங்கும். நட்டுவாங்கக் குடும்பங்களிலும், தெருக்கூத்து, கணியான் கூத்து, தேவராட்டக் குழுக்களிலும் இந்தத் தகுதியோடு இருப்பவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. தமிழ்நாட்டின் நடனத் துறைகள் அவர்களை ஒருநாள் செயல்விளக்கத்துக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதை நிறுத்திவிட்டு, சம்பளத்தோடும் கால அட்டவணையோடும் வகுப்புக்குள் உட்கார வைக்க வேண்டும்.